அப்பாவை எழுப்பிய சாத்து

பேனர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது பேனர்தான். மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நீலத் துணியில் மஞ்சள் எழுத்து. சதுரங்கக் கோப்பையை வென்ற புக்கிட் பெருந்துங் குழுவுக்கு வாழ்த்துகள் என்று பளபளத்தது.

கோப்பையை இன்னும் யாரும் வெல்லவில்லை. அவர்கள் வெல்ல வேண்டுமானால் முதலில் என்னைத் தோற்கடிக்க வேண்டும். நானோ அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து, புடவையைக்கூட மாற்றாமல் வந்து நிற்கிறேன்.

பின்பக்க மேசையில் அலுமினியத் தாள் போட்டு மூடிய பெரிய தட்டுகள் வரிசையாக இருந்தன. பொரித்த கோழியும் சம்பலும் மணந்தன. அதுவும் தங்கள் வெற்றிக்கு அவர்களே வரவழைத்த சாப்பாடு.

என் கணவர் பிரான்சிஸ் பேனரை அண்ணாந்து பார்த்தார். "நல்லா அடிச்சிருக்கானுங்க. எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு," என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியாகிவிட்டது. இந்த மனிதர் எந்த நேரத்தில் எதைப் பாராட்டுவார் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கை நடுங்குகிற கோபம் இல்லை, கை நிதானமாகிற கோபம். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பலகையின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முந்தின ஞாயிறு

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் பல் மருத்துவத் தாதியாக இருந்த கதைகள்தான் தெரியும். தஞ்சோங் காராங் பக்கத்துக் கிளினிக்கில் வேலை, தோட்டத்துப் பள்ளிகளுக்குப் பல் வண்டியில் போனது, பயந்த பிள்ளைகள் என் விரலைக் கடித்தது, எல்லாம் எழுதியாகிவிட்டது. நான் சதுரங்கம் ஆடுவேன் என்பதை இதுவரை எழுதவில்லை. ஜெயித்த கதை ஒன்று கைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். இப்போது வந்துவிட்டது. இந்த வாரம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலா சிலாங்கூரில் எங்களுக்கு ஒரு சின்னச் சதுரங்கக் குழு இருக்கிறது. வேலை ஓய்வுக்குப் பிறகு அதில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற பெண்மணி, பொழுதுபோக்குக்கு வருகிறார் என்று நினைத்துத்தான் சேர்த்தார்கள். ஆறே மாதத்தில், குழுவின் பலமான ஆளை உட்காரவைக்கிற முதல் பலகைக்கு வந்துவிட்டேன்.

வட்டாரப் போட்டியின் கடைசிச் சுற்றில் எங்களுக்கு எதிரே புக்கிட் பெருந்துங் குழு. மற்ற பலகைகள் எல்லாம் முடிந்து என் ஆட்டம் மட்டும் மிச்சம். நான் தோற்றால் கோப்பை அவர்களுக்கு. சமன் செய்தால்கூட எங்களுக்கு. அந்த அரைப் புள்ளி போதும்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் தினேஷ். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். முப்பது வயதுகூட இருக்காது. பயிற்சி முழுவதும் கணினியோடுதான். மரியாதையான பிள்ளை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எழுந்து கைகொடுப்பான்.

அவன் என்னை நன்றாக நசுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் இரண்டு யானை. என்னிடம் ஒரு யானை, குறுக்கே ஓடுகிற மந்திரி ஒன்று. ராணிகள் எப்போதோ வெட்டுப்பட்டுப் போயின. சதுரங்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யானைக்கு நேர்க்கோட்டில் தடையில்லாத பாதை வேண்டும். பாதை கிடைத்துவிட்டால் இரண்டு யானை சேர்ந்து வீட்டையே பிரித்துப் போட்டுவிடும்.

பலகை முழுவதும் சிப்பாய்கள் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நின்றன. இடது ஓரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பாதை, என் பக்கத்துக் கோடியில் நின்ற என் சிப்பாய் வரைக்கும், திறந்து கிடந்தது. அவன் இரண்டு யானைகளும் அதைப் பார்த்தபடி நின்றன.

அந்த ஓரத்தில் அவனுடைய சிப்பாய்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நின்றதைக் கவனித்தேன். என் யானையைத் தூக்கி, முன்னால் நின்ற சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

பின்னால் நின்ற எங்கள் தலைவர் சிவநேசன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

தினேஷ் வெட்டினான். வெட்டிய சிப்பாய் திறந்து கிடந்த பாதைக்குள் வந்து என் சிப்பாயோடு மூக்கோடு மூக்காக நின்றது. மிச்சமிருந்த சிப்பாயையும், எதற்கும் பலமாக இருக்கட்டும் என்று அவனே முன்னால் தள்ளினான். அதுவும் என் ஓரச் சிப்பாயில் முட்டி நின்றது.

அவ்வளவுதான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு இடுக்குக்கூட இல்லை.

அதற்குள் சாயங்காலக் கல்யாண விருந்துக்கு மண்டபத்தை எடுத்தவர்கள் மேசைகளை இழுத்துப்போட ஆரம்பித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூ வளைவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தினேஷின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா," என்றார். நடுவர் சிக்கு ஹமிட், வாத்தியார் என்கிற அர்த்தத்தில் ஊர் இன்னும் சிக்கு என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், கடிகாரத்தை நிறுத்தினார். பலகையைப் படமெடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு இதே இடத்தில் இதே நிலையிலிருந்து தொடரலாம் என்று இரண்டு பக்கத்தையும் ஒப்புக்கொள்ள வைத்தார்.

ஏழு

அந்தப் படம் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது.

இப்போது எல்லார் கைப்பேசியிலும் சதுரங்கக் கணினி இருக்கிறது. பலகையைக் காட்டினால் ஒரு எண்ணைச் சொல்லும். சைபர் என்றால் இரண்டு பக்கமும் சமம். ஒன்று என்றால் ஒரு சிப்பாய் அளவு மேலே. என் நிலைக்கு அது சொன்ன எண் ஏழு. தினேஷுக்கு ஏழு. ஏழு என்றால் கடையைக் கட்டு என்று அர்த்தம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏழு, ஏழு, ஏழு என்று ஆளாளுக்குப் போட்டார்கள். ஒருவர் அழுகிற முகம் போட்டார். மார்க்கெட்டில் மீன் விற்கிற மலாய்க்காரப் பெண்மணிகூடச் செம்பிலாங் மீனை நிறுத்துக்கொண்டே, "காக்கா தோத்துட்டீங்களாமே," என்று தன் மொழியில் என்னை அக்கா போட்டுத் துக்கம் விசாரித்தார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை சிவநேசன் வீட்டுக்கு வந்தார். வங்கியில் வேலை பார்க்கிறவர், பொறுப்பான மனிதர். கையில் ஒரு பை ஆரஞ்சு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்க வருகிற மாதிரி மெதுவாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் தப்பா சொல்லல. அவங்க அவ்ளோ தூரத்துல இருந்து மறுபடி வரணும். ஃபோன் ஏழு காட்டுது. மரியாதையா ரிசைன் பண்ணிட்டா நல்லா இருக்கும் லா."

"நீ பலகைய பாத்தியா தம்பி?"

"பாத்தேன்கா. எல்லாம் பூட்டிக்கிட்ட மாதிரிதான் தெரியுது. ஆனா தினேஷ் ஆபீஸ்ல பெரிய மெஷின் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும். எப்படியும் வழி கண்டுபிடிச்சிரும்."

"கண்டுபிடிக்கட்டும்."

அவர் ஆரஞ்சுப் பையை ஒருமுறை திறந்து மூடினார். "இன்னொண்ணு கா. அடுத்த வருஷம் முதல் பலகைக்குச் சின்னவங்கள யாரயாவது போடலாம்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க. நீங்க ஞாயித்துக்கிழம வீம்புக்கு உக்காந்து எல்லார் முன்னாலயும் தோத்தீங்கன்னா, என்னால ஒண்ணும் பேச முடியாது. இப்பவே விட்டுட்டா உங்களுக்காக நான் பேசலாம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது. அந்த இடத்தை எனக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. எங்கள் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரையும் உட்கார்ந்து ஜெயித்து வாங்கியது.

"ரிசைன் பண்றதுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது தம்பி. எங்க தோட்டத்து கிளப்புல அந்தப் பழக்கம் கெடையாது," என்றேன்.

அவர் சிரித்தார், நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. அது நிஜம்.

ஒரே ஒரு பலகை

நான் பிறந்தது கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகிற சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. பந்து விளையாடுகிற திடலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதைத்தான் கிளப் என்போம். உள்ளே ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, ஒரே ஒரு சதுரங்கப் பலகை. தொலைந்துபோன குதிரைக்குப் பதிலாக ஒரு மருந்து பாட்டில் மூடி நிற்கும்.

பலகை ஒன்று, ஆட்கள் நிறைய. அதனால் சட்டம் கண்டிப்பாக இருந்தது. ஜெயித்தவர் பெஞ்சிலேயே இருக்கலாம், தோற்றவர் எழுந்திருக்க வேண்டும். பாதியில் ஒப்புக்கொண்டு எழுவது கிடையாது. அது பலகையைக் கலைத்ததற்குச் சமம். கலைத்தவருக்கு ஒரு வாரம் ஆட்டம் இல்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. இதை வேறு எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பக்கமும் அசைய முடியாமல் ஆட்டம் பூட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் சாத்து. சாத்து விழுந்தால் இரண்டு பேருமே எழுந்துவிட வேண்டும். ஜெயித்துக்கொண்டே இருக்கிற ஆளாக இருந்தாலும் சரி, பெஞ்சை விட்டு எழுந்து அடுத்த ஜோடிக்கு இடம் கொடுத்தாக வேண்டும்.

ஜெயித்துக்கொண்டே இருக்கிற அந்த ஆள் என் அப்பா. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், அந்தோணி. வேலை முடிந்து குளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் அவரை எழுப்ப ஆளே கிடையாது. லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அம்மா சோற்றை வடித்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார்.

"ஏய் ரோஸ், போயி ஒங்கப்பாவ எழுப்பிக் கூட்டிட்டு வா. சோறு ஆறுது," என்பார்.

போய்க் கூப்பிட்டால் அப்பா வர மாட்டார். "யாராச்சும் என்னைய தோக்கடிச்சா வந்துர்றேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு," என்பார். கூட்டம் சிரிக்கும்.

பல நாள் நின்று பார்த்தேன். அப்பாவைத் தோற்கடிக்க என்னால் ஆகாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தேவை வெற்றி இல்லையே. அவர் எழுந்தால் போதும். ஒருநாள் எதிர்ப் பெஞ்சு காலியானதும் நான் போய் உட்கார்ந்தேன். பெண்பிள்ளை ஆடக்கூடாது என்று ஒருவர் முனகினார். அப்பா, "வாய மூடிக்கிட்டு வெளையாடுங்கடா," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, நானும் வாயை மூடிக்கொண்டு விளையாடினேன்.

முதலில் பல முறை தோற்றேன். பிறகு மெல்ல மெல்லப் பழகியது. எந்தச் சிப்பாயை எங்கே முட்ட வைத்தால் வழி அடையும், எந்தக் காயைக் கொடுத்தால் அப்பாவின் சிப்பாய் பாதை மாறி வந்து தானே அடைப்பாக நிற்கும் என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். காய் போவதைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. என் கவலையெல்லாம் இடுக்கைப் பற்றித்தான்.

முதல் சாத்து விழுந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவிடம் ராணி உட்பட எல்லாம் இருந்தது. என்னிடம் சிப்பாய்களும் ஒரு மந்திரியும் மட்டும். அவர் பலகையை ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் தடவிப் பார்த்தார். ஓட்டை எங்கேயும் இல்லை.

"சாத்து," என்றேன். "எந்திரிங்கப்பா. சோறு ஆறுது."

அப்பா எழுந்தார். லயம் வரைக்கும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம் மவ என்னைய எழுப்பிட்டா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். தோற்கடித்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

வாயைத் திறக்காத பிள்ளை

சிவநேசன் போன பிறகு பலகையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அதே நிலையைப் பரப்பினேன். ரோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், அவர் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பெரிய மெஷினுக்குத் தெரிகிற ஓட்டை ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது?

பிரான்சிஸைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். அவருக்குச் சதுரங்கம் தெரியாது. கைப்பேசி தினேஷுக்காக ஆடட்டும், அது சொல்கிற காயை அது சொல்கிற இடத்தில் வைத்தால் போதும் என்றேன்.

கைப்பேசி யானையை வலப்பக்கம் கொண்டுபோனது. பிறகு இடப்பக்கம் கொண்டுவந்தது. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கியது. பிறகு பிரித்தது. நான் என் மந்திரியை ஒரு கட்டம் முன்னும் ஒரு கட்டம் பின்னுமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ரோஸ், இது சும்மா நடக்குது," என்றார் பிரான்சிஸ்.

"எண் என்ன காட்டுது?"

"ஏழு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். ஏழு. தேநீர் குடித்துவிட்டு வந்து கேட்டேன். அப்போதும் ஏழு.

எனக்கு வெளிச்சம் வந்தது அந்த இடத்தில்தான். நிஜமாகவே ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தால் எண் ஏற வேண்டும். ஏழு எட்டாகி, பத்தாகி, கடைசியில் ராஜா சிக்க வேண்டும். இது ஏழிலேயே நின்றது. ஏன் நிற்கிறது என்று அது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் காய்களை எண்ணி, எட்டிய தூரம் வரை வழிகளைப் பார்த்து, புதிதாகப் பார்க்கிற மாதிரி ஏழு என்றது. இனி இங்கே எதுவும் நடக்காது என்பதைப் பலகையைப் பார்த்தவுடன் நான் புரிந்துகொண்டேன். அது எண்ணிக்கொண்டே இருந்தது.

கணினியை நான் கேலி செய்யவில்லை. அதோடு ஆடி நான் ஜெயித்ததில்லை, இனி ஜெயிக்கப் போவதும் இல்லை. திறந்த பலகையில் அது ராட்சசன். ஆனால் பல் கிளினிக்கில் நான் பார்த்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. தட்டு நிறையக் கண்ணாடி, ஊசி, குறடு எல்லாம் பளிச்சென்று அடுக்கியிருக்கும். டாக்டர் கெட்டிக்காரர். நாற்காலியில் ஆறு வயதுப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். அப்போது தட்டில் இருக்கிறதை எண்ணி என்ன பிரயோசனம்?

பிறகு ஒரு விஷமம் தோன்றியது. பக்கத்தை மாற்றினேன். இப்போது யானைகள் எனக்கு, பூட்டிய பக்கம் கைப்பேசிக்கு. என்னையே நான் எப்படித் திறப்பது என்று யோசித்தேன். பலகையின் நடுவில், அதன் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில், என் யானையை இலவசமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த யானை அங்கிருந்து யாரையும் மிரட்டவில்லை. வெட்டாமல் விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது.

கைப்பேசி வெட்டிவிட்டது. இலவச யானை அல்லவா. வெட்டிய சிப்பாய் இடம் மாறியதும் சுவரில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையில் என் சிப்பாய் ஏறியது, அதன் பின்னால் என் மிச்ச யானை உள்ளே போனது. அதன் பிறகு ஆட்டத்தை முடிக்க எனக்கே தெரியும்.

"யாரு ஜெயிச்சா?" என்றார் பிரான்சிஸ்.

"நான்."

"ஃபோனயா?"

"ஃபோனத்தான்."

அவர் கைப்பேசியை எடுத்து, அடிபட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஏகக் குஷி. சிவநேசன் கொண்டுவந்த ஆரஞ்சில் இரண்டை உரித்துச் சாப்பிட்டேன்.

குஷி அடங்கியதும் பயம் வந்தது. இந்தத் தூண்டில் எனக்குத் தோன்றியது போல தினேஷுக்கும் தோன்றலாம். அவனுடைய மெஷின் சொல்லாது. அவன் மெஷினை மூடிவைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தால் தோன்றும்.

மறுபடியும் பேனருக்குக் கீழே

அந்தப் பேனருக்குப் பாதிக் காரணம் எங்கள் சிவநேசன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்க் குழுத் தலைவருக்கு வெள்ளிக்கிழமையே வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டாராம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேனருக்கும் கோழிக்கும் சொல்லிவிட்டார்கள். சிவநேசன் என் கண்ணைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

தினேஷ் எழுந்து கைகொடுத்தான். சிக்கு ஹமிட் கடிகாரத்தைத் தட்டினார். அன்றைக்குக் கைப்பேசிகள் எல்லாம் ஒரு பெட்டிக்குள். இனி மண்டைக்குள் இருப்பது மட்டும்தான்.

அவன் யானைகளை வலப்பக்கம் கொண்டுபோனான். இடப்பக்கம் கொண்டுவந்தான். அடுக்கினான், பிரித்தான். நான் மந்திரியை ஒரு கட்டம் முன்னும் ஒரு கட்டம் பின்னுமாக வைத்தேன். புக்கிட் பெருந்துங் ஆட்கள் முதலில் சிரித்த முகத்தோடு சுற்றி நின்றார்கள். நேரம் போகப் போக ஒவ்வொருவராக நாற்காலி தேடி உட்கார்ந்தார்கள்.

ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல் இரண்டு பக்கமும் ஐம்பது முறை நகர்த்திவிட்டால் ஆட்டம் சமன் என்பது உலகச் சட்டம். எங்கள் சாத்துச் சட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கு ஹமிட் எண்ணிக்கொண்டிருந்தார்.

பாதிக்கு மேல் போன பிறகு தினேஷ் நிறுத்தினான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பலகையை மட்டும் பார்த்தான். அவன் பார்வை மாறியது எனக்குத் தெரிந்தது. அதுவரை ஞாபகத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தான்.

பிறகு யானையைத் தூக்கி, பலகையின் நடுவில், என் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வைத்தான்.

மண்டபத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. இலவச யானை. வெட்டினால் அவனுக்கும் எனக்கும் கிட்டத்தட்டச் சமம் என்று காய்களை எண்ணுகிற யாரும் சொல்வார்கள். எங்கள் பக்கத்திலிருந்து யாரோ, "வெட்டுங்க," என்று வாயசைத்தார். சிவநேசனின் மூச்சு மறுபடியும் என் பின்கழுத்தில் பட்டது.

நான் என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சதுரங்கத்தில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். அந்தச் சிப்பாயைத் தவறிக்கூடத் தொடக்கூடாது.

எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனாலும் ஒரு சந்தேகம். வீட்டில் கைப்பேசியை வைத்து ஆடியதில் நான் எதையாவது விட்டிருந்தால், இந்தப் பேனருக்குக் கீழே, ஒரு யானையை வெட்டத் தெரியாமல் தோற்ற கிழவி என்று பெயர் வாங்குவேன். அப்பா செய்த மாதிரி ஓரத்திலிருந்து ஓரம் வரை கண்ணால் தடவிப் பார்த்தேன். இடுக்கு இல்லை. நான் உண்டாக்கினால்தான் உண்டு.

ஒரு கையை மட்டும் எடுத்தேன். மந்திரியை ஒரு கட்டம் பின்னால் வைத்தேன்.

தினேஷ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தெரிஞ்சிருச்சா ஆண்ட்டி?" என்றான்.

"செவ்வாக்கிழமையே தெரியும்."

அவன் சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பு. யானையை அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தான். பிறகு எடுத்துப் பக்கத்தில் இன்னொரு இடத்தில் நீட்டினான். அதையும் நான் தொடவில்லை. அதன் பிறகு அவனுக்கு நீட்ட எதுவும் இல்லை. மந்திரி முன்னே, மந்திரி பின்னே.

சிக்கு ஹமிட் கையை உயர்த்தினார். கடிகாரத்தை நிறுத்தினார். "சமன்," என்று தமிழிலேயே சொன்னார், எங்கிருந்து கற்றுக்கொண்டாரோ.

முதலில் கைதட்டியது பிரான்சிஸ். பிறகு எங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கத்திய கத்தலில் பின்பக்கத்து அலுமினியத் தாள்கள் அதிர்ந்திருக்கும். சிவநேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்ததும் ஓடிப்போய்த் தன் கைப்பேசியை எடுத்துப் பலகையைக் காட்டினார். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

ஏழு. ஆட்டம் முடிந்து, கோப்பை எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. அது இன்னமும் தினேஷ் ஜெயிக்கிறான் என்றது.

"அடுத்த வருஷம் முதல் பலகை யாரு?" என்றேன்.

"நீங்கதான் கா. யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்."

"நீ பேச வேணாம் தம்பி. இன்னிக்கி நானே பேசிட்டேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வயதுக்கு ஏற்ற அடக்கத்தோடு இருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் முயன்று பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். பேனருக்குக் கீழே கோப்பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன். பேனரின் எழுத்துகள் முழுவதும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னேன். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் தினேஷ் இன்னும் நாற்காலியிலேயே இருந்தான். கன்னத்தில் கைவைத்துப் பலகையை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குழுவினர் சாப்பாட்டு மேசையைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கோழி வாசனை மண்டபம் முழுக்கப் பரவியிருந்தது.

நான் அவனுக்கு எதிரே இருந்த என் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன். சட்டம் சட்டம்தானே, இரண்டு பேரும் சேர்ந்துதான் எழ வேண்டும்.

"சாத்து," என்றேன். "எந்திரி தம்பி. சோறு ஆறுது."